பழையபேட்டை அத்தர் கடையின் வெனிலா

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அத்தர், ஊதுபத்தி, சாம்பிராணி விற்கும் ஒரு சிறிய கடையில் வெனிலா அத்தர் கிடைக்கிறது. ஆல்கஹால் கலக்காதது, 6 மி.லி. குப்பியின் விலை 180 ரூபாய். குப்பியில் ‘இயற்கை வெனிலா’ என்று அச்சிட்ட சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். மணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசிவிட வேண்டும், ஏனெனில் அது உண்மையாக இருக்க வழியில்லை.

ரோஜாவையும் வெட்டிவேரையும் கலத்திலிட்டு நீருடன் காய்ச்சி வடிப்பதுபோல் வெனிலாவிலிருந்து அத்தர் இறக்க இயலாது. அதன் மணத்துக்கு முதற்காரணமான ‘வெனிலின்’ என்ற வேதிப்பொருள் எளிதில் ஆவியாகாது என்பதால், வெனிலாக் காய்களைக் கரைப்பானில் ஊறவைத்தே சாறெடுக்கிறார்கள். பறிக்கும்போது மணமே இல்லாத அந்தப் பச்சைக் காய்களை வெந்நீரில் வாட்டி, போர்த்தி வியர்க்கவிட்டு, மாதக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்தினாலும், எடையில் சுமார் 2 விழுக்காடுதான் வெனிலின் தேறும். போதாக்குறைக்கு, தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்க்க வேண்டும். ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியுஸ் என்ற சிறுவன் 1841இல் கண்டறிந்த முறையே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. இத்தனை உழைப்பும் 180 ரூபாய்க்குள் அடங்காது.

“பாய், இது காயிலிருந்து எடுத்ததா?” என்று கேட்டபோது, கடைக்காரர் சிரித்தபடி, “காயில எடுத்தா இந்த விலைக்குக் கொடுக்க முடியுமா சார்? சீட்டு மொத்த வியாபாரி ஒட்டி அனுப்புறது” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சீட்டையும் அவர் கிழித்துவிட்டால் நன்று.

செயற்கை என்பதற்காக இந்த அத்தரைத் தள்ளிவிடுவதும் சரியன்று. ஜெர்மானிய வேதியியலாளர்களான டீமானும் ஹார்மானும் 1874இல் ஊசியிலை மரச்சாற்றில் உள்ள ஒரு பொருளிலிருந்து வெனிலினை உருவாக்கிய பிறகுதான், வெனிலா நவீன வாசனைத் திரவியங்களில் தாராளமாகப் புழங்கத் தொடங்கியது. பாரிஸின் கெர்லான் நிறுவனம் 1889இல் வெளியிட்ட ‘ஜிக்கி’ என்ற வாசனைத் திரவியத்தில் லாவெண்டரின் குளிர்ச்சிக்கு அடியில் வெனிலினும், உலர்புல் மணமுள்ள கூமரினும் இருந்தன. அதே நிறுவனத்தின் ஷாலிமார், 1925இல், வெனிலினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள எத்தில் வெனிலின் என்ற செயற்கைப் பொருளைப் பெர்கமாட் பழத்தின் எலுமிச்சைத் தன்மையோடு மோதவிட்டுப் புகழ் பெற்றது. முகலாயத் தோட்டத்தின் பெயரைச் சூடிய பாரிஸ் சரக்கு நம் பக்கம் எட்டாத விலையில் வந்து சேர்கிறது என்பது வேறு கதை. ஆகவே ஓர் அத்தரின் வெனிலா எங்கிருந்து வந்தது என்பதைவிட, எதனோடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே மதிப்பிட வேண்டிய விஷயம்.

அந்த வகையில் இது பாதித் தேர்ச்சி. பூசியவுடன் ஐஸ்கிரீம் கடை வாசலைப் போன்ற வெறும் இனிப்பு எழுகிறது. பதப்படுத்திய காயில் இருக்கும் புகை, தோல், உலர்பழச் சாயல்கள் எதுவும் இல்லை. அரைமணி நேரம் பொறுத்தால் இனிப்புத் தணிந்து, சந்தனமும் சாம்பிராணியும் கலந்தாற்போன்ற மென்மை வருகிறது. சாம்பிராணிப் பிசினின் சில வகைகளிலேயே வெனிலின் இயல்பாக உண்டு என்பதால் இந்தச் சேர்க்கை ஒட்டவைத்ததாகத் தோன்றவில்லை. மணம் மறுநாள் காலைவரை துணியில் நிற்கிறது. அதே கடையின் ரோஜா அத்தரை இதன்மேல் ஒரு தொடுகை வைத்தால் இரண்டுமே மேம்படுகின்றன. தனியாகப் பூசுவதைவிட அப்படிப் பூசுவதையே பரிந்துரைப்பேன்.

சித்திரை வெயிலில், நெரிசலான பேருந்தில் இது திகட்டும். மாலைக்கும் மார்கழிக்கும் ஏற்றது. வெனிலின் நாளடைவில் பழுப்பேறும் தன்மையுடையது, ஆதலால் வெள்ளை வேட்டியிலோ சட்டைக் கழுத்திலோ தடவாமல் மணிக்கட்டில் தடவுவதும், குப்பியை வெளிச்சம் படாமல் வைப்பதும் நல்லது. முதன்முறை வாங்குவோருக்கு 3 மி.லி. குப்பியே போதும்; 100 ரூபாய்க்குத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிடுவார்கள், மாலையில் செல்லலாம்.