ரீசெல்லர் ஹோஸ்டிங்: மற்றதெல்லாம் சரி, இந்த மெயில்தான்

வெப்சைட் செய்து கொடுக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "கஸ்டமருங்க ஹோஸ்டிங்கும் நீங்களே பாத்துக்கங்கன்னு சொல்றாங்க. ரீசெல்லர் எடுக்கலாமா, நேரா விபிஎஸ் போயிடலாமா?" ரீசெல்லர் என்றால் ஒரு நிறுவனத்தின் சர்வரில் மொத்தமாக இடம் வாங்கி, நம் கஸ்டமர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. விபிஎஸ் என்றால் நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர், அதைப் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. எத்தனை ஜிபி, எத்தனை கணக்கு என்பதெல்லாம் விற்பவர்களின் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களாக சிபேனல் (ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் கண்ட்ரோல் பேனல்) ரீசெல்லர் கணக்கில்தான் என் தொழில் ஓடுகிறது. சைட் படுத்துக்கொண்டது என்று புகார் வருவது அபூர்வம். ஒரு காலத்தில் சைட்டுக்குப் பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, ஒவ்வொரு வருடமும் மாட்ட வேண்டும். இப்போது சிபேனலின் ஆட்டோஎஸ்எஸ்எல் தானாகப் போட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஜெட்பேக்கப் என்ற பேக்கப் கருவி. ஒரு பள்ளிக்கூடத்து சைட்டில் யாரோ பக்கங்களை எல்லாம் அழித்துவிட்டார்கள். முந்தின நாள் டேட்டாபேஸை மட்டும் எடுத்துத் திரும்ப வைத்தேன், டீ ஆறுவதற்குள் சைட் வந்துவிட்டது. அன்றைக்குக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் மெயில். கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் பெரியவர் ஒருவர் காலையில் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, ஜெர்மனி பையருக்கு அனுப்புன கொட்டேஷன் திரும்பி வந்துருச்சுங்களே." திரும்பி வந்த மெயிலைத் திறந்தால் 550 (மெயிலை ஏற்கவில்லை என்று பொருள்) என்று தொடங்கும் ஒரு வரி. நடுவில் எங்கள் சர்வரின் ஐபி முகவரி, கடைசியில் ஸ்பாம் அனுப்பும் ஐபிக்களைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தின் லிங்க். அந்த ஐபி ஸ்பாம் பட்டியலில் ஏறியிருந்தது. இத்தனைக்கும் அவர் டொமைனில், மெயில் அங்கிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பக்காவாக இருந்தன. 2024 பிப்ரவரியில் ஜிமெயில் விதிகளை இறுக்கிய உடனேயே எல்லாக் கஸ்டமருக்கும் சரிபார்த்து வைத்திருந்தேன்.

தப்பு எங்கே என்றால், அதே சர்வரில் வேறொரு ரீசெல்லரின் கஸ்டமர் வைத்திருந்த பழைய வேர்ட்பிரஸ் சைட். அதற்குள் யாரோ புகுந்து ராத்திரி முழுக்க மெயிலைக் கொட்டியிருக்கிறார்கள். என் கஸ்டமர்களுக்கு பேக்கேஜ் போடும்போதே மணிக்கு இத்தனை மெயில்தான் என்று வரம்பு வைத்திருக்கிறேன். பக்கத்துக் கணக்குக்கு நான் என்ன செய்ய முடியும்? ரூட், அதாவது சர்வர் முழுவதற்குமான அதிகாரம், என் கையில் இல்லை. கொட்டுகிற கணக்கை நிறுத்தாமல் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தாலும் மறுபடி ஏறிவிடும். நிறுத்த வேண்டிய நிறுவனமோ, டிக்கெட் போட்டால் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறது. இது ஒரு தடவை நடந்திருந்தால் எழுதவே மாட்டேன். ஆறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி வருகிறது. மளிகைக் கடைக்காரர் போல நமக்குத்தான் முகம் தெரிந்த வாடிக்கையாளர்கள். பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

அப்போ விபிஎஸ் எடுத்தால் தீர்ந்துவிடுமா? ஐபி நமக்கே நமக்கு என்று கிடைக்கும், அது உண்மை. ஆனால் அந்த ஐபியை முன்பு யார் வைத்திருந்தார்கள், என்ன அனுப்பினார்கள் என்பதும் கூடவே வரும். கூகுள் கிளவுடில் மெயில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கிறார்கள், அமேசானிலும் கேட்டுத்தான் திறக்க வேண்டும். ஐபி எந்தப் பெயருக்குச் சொந்தம் என்று காட்டும் பிடிஆர் ரெக்கார்டு சரியாக இல்லாவிட்டால் ஜிமெயில் ஏற்காது. சிபேனல் லைசென்ஸும் 2019 முதல் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பத்தான், 5 தாண்டினால் ஒரு விலை, 30 தாண்டினால் ஒரு விலை. இன்னொரு பேனலான டைரக்ட்அட்மின் சிக்கனம், பழகிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றால் எழுந்து பார்க்கத் தயாராக இருந்தால் மட்டும் விபிஎஸ் பக்கம் போங்கள்.

அதனால் நண்பருக்குச் சொன்னது இதுதான். ஆரம்பிக்கும்போதே மெயிலை ஹோஸ்டிங்கில் இருந்து பிரித்துவிடுங்கள். சைட் உங்கள் சர்வரில் இருக்கட்டும், டொமைனுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை ஸோஹோ மெயிலுக்கோ கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ திருப்பிவிடுங்கள், அனுப்புவதும் அங்கிருந்தே நடக்கட்டும். அந்தச் செலவை பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். "ஃப்ரீயா மெயில் தருவீங்கதானே" என்று கேட்கும் கஸ்டமர் போனாலும் பரவாயில்லை, விடுங்கள். எங்கே ரீசெல்லர் வாங்கினாலும், வெளியே போகும் மெயிலை வடிகட்டி அனுப்பும் ரிலே இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால், வேகம், பேக்கப், பேனல் எல்லாம் கூட்டிப் பார்த்து ஐந்துக்கு நான்கு கொடுக்க வேண்டும். ஆனால் இந்த மெயில் தொல்லையால் என்னால் இரண்டுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் கொட்டேஷனைத் தன் சொந்த ஜிமெயிலில் இருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார், கம்பெனி பெயரில் மெயில் வேண்டும் என்று என்னிடம் காசு கொடுத்த மனிதர். அடுத்த மாதம் ரினியூவல். அதற்குள் எல்லாக் கணக்குகளின் எம்எக்ஸையும் மாற்றிவிடுவேன்.