ஹோர்ட்டன் சமவெளியா, கல்வேஸ் லேண்டா?

தை மாதம் கொழும்பிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தபோது, எங்கே போவது என்று ஓர் இரவு முழுக்கப் பேச்சு. பிள்ளைகள் ஹோர்ட்டன் சமவெளி என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நான் நுவரெலியா டவுனை ஒட்டியிருக்கும் கல்வேஸ் லேண்ட் என்றேன். கடைசியில் அங்கேதான் போனோம்.

காட்சி என்று பார்த்தால் போட்டியே இல்லை. சமவெளியின் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பான 'உலக முடிவில்' (World's End) மூடுபனி விலகும் காலைக்கு ஈடாக கல்வேஸ் லேண்டில் ஒன்றும் கிடையாது. சமவெளியின் 3,160 ஹெக்டேயர் எங்கே, 30 ஹெக்டேயர்கூட இல்லாத இந்தத் துண்டுக் காடு எங்கே! நடையும் அப்படித்தான்: சமவெளியில் சுற்றுப்பாதையே ஏறத்தாழ 9 கிலோமீற்றர், இங்கே ஆச்சிகூட நடந்துவிடுவார்.

என் மனதை மாற்றியது ஒரு மரை, அந்தப் பெரிய மான். இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் சமவெளிக்குப் போயிருந்தோம். வாகனம் நிறுத்தும் இடத்தில், கொம்பு வைத்த பெரிய மரை ஒன்று நேரே வேன் கதவுக்கே வந்து நின்றது. யாரோ கிரீம் பிஸ்கட் நீட்டினார்கள். உறை கீழே விழ, அதையும் சேர்த்து நாக்கால் இழுத்துக்கொண்டது. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுக்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரிக்கிறார்கள். அப்படியும் ஓர் உறை தப்பி வந்து ஒரு மிருகத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

உறையாவது கண்ணுக்குத் தெரிந்த கெடுதல். பயம் விட்டுப்போவது அதைவிட மோசம். சிறுத்தைக்கு இரையாகிற மிருகம் அது. காதை விறைத்து நிற்கவேண்டியது. அது கதவு திறக்கும் சத்தத்துக்கு ஓடிவருகிறது. தாய் வந்தால் குட்டியும் பின்னால் வருகிறது. சமவெளியை 1988இல் தேசியப் பூங்காவாக்கியது இதற்காகவா?

கல்வேஸ் லேண்டில் எதுவும் உங்களிடம் வராது. நீங்கள்தான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகு, இமயமலைப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வரும் கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு தேடியது. "மாமா, மூச்சு விடலாமா?" என்று சின்னவள் காதுக்குள் கேட்டாள்.

ஒன்று சொல்லவேண்டும்: நான் அங்கே போனது இரண்டே தடவை, இரண்டும் தை மாதத்தில். ஏப்ரல் சீசன் கூட்டத்தில் அந்த அமைதி இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அடுத்த வருடம் பிள்ளைகளைச் சமவெளிக்கும் கூட்டிப்போவேன், பாடசாலை விடுமுறை முடிந்த ஒரு வார நாளில். சாப்பாட்டை வழியிலுள்ள பட்டிப்பொல ஊரிலேயே முடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவோம்.