அவர் கேட்டது வேறு, கிடைத்த நாய் வேறு

நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் ஸ்மித்டவுன் என்ற ஊரில் இருக்கிறது அமெரிக்காஸ் வெட்டாக்ஸ். 2003-இல் தொடங்கிய அமைப்பு. ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்குச் சேவை நாய்களை, அதாவது ஊனத்துக்கு உதவும் நாய்களை, பழக்கி இலவசமாகக் கொடுக்கிறார்கள். எங்கள் நாய் மேப்பிள் வந்தது அங்கிருந்துதான். தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கே படிக்க வந்தவர். 2009-இல் மாவ்னி என்று ஒரு திட்டம் வந்தது. சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க ராணுவத்தில் எடுத்தார்கள், அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. அதில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் காந்தஹாரில் ஒரு வருடம் லாரி ஓட்டினார். திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கம்தான் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கெட்ட கனவில் முனகும்போது தொட்டு எழுப்பினால் கையை ஓங்கிவிடுவார். அதனால் கால்மாட்டில் தள்ளி நின்று "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். பத்து வருடம் இப்படித்தான் போனது.

2018 நவம்பர் கடைசியில் முன்னாள் அமெரிக்க அதிபர் பெரிய புஷ் இறந்தபோது, அவர் சவப்பெட்டிக்கு முன்னால் சல்லி என்ற லாப்ரடார் படுத்திருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். சல்லி இந்த அமைப்பு பழக்கிய நாய். அந்தப் படத்தை என் வீட்டுக்காரர் ஃபோனில் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். ஆனால் அவசரப்பட்டு நாங்கள் முதலில் போய் விழுந்தது வேறு ஓர் இணையதளத்தில். 150 டாலருக்கு ஓர் அடையாள அட்டையும் நாய்க்கு ஒரு சட்டையும் அனுப்பி "பதிவு செய்தாகிவிட்டது" என்றார்கள். இந்த நாட்டில் சேவை நாய்களுக்கென்று ஓர் அரசுப் பதிவேடே கிடையாது. தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள்.

வெட்டாக்ஸ் விண்ணப்பத்தில் அவர் ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய நாயாகக் கேட்டார். பின்னால் யார் வந்தாலும் அது குரைக்க வேண்டும், அதுதான் அவர் மனசில் இருந்த கணக்கு. பயிற்சியாளர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "உங்கள் நாய் ஒருத்தரைப் பார்த்து உறுமினால், அங்கே ஆபத்து இருக்கிறது என்று உங்கள் உடம்பும் நம்பிவிடும். ஒன்றும் இல்லை என்று சொல்கிற நாய்தான் உங்களுக்கு வேண்டும்." பிறகு எவ்வளவு வேகமாக நடப்பார், வீட்டில் எத்தனை படி, ரயிலில் வேலைக்குப் போவாரா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி. எல்லாம் எதற்கென்று மேப்பிளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கறுப்பு லாப்ரடார், சின்ன உடம்பு, தட்டு கீழே விழுந்து உடைந்தால்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

இரண்டு வாரம் அங்கேயே தங்கிப் பழக வேண்டும். தங்க இடம், சாப்பாடு, போக வர டிக்கெட் எதற்கும் காசு வாங்கவில்லை. மேப்பிளை அவர் அறைக்குள் விட்டதும் முதலில் பூட்ஸை முகர்ந்தாளாம். பிறகு அந்தப் பூட்ஸ் மேலேயே தாடையை வைத்துத் தூங்கிப்போனாளாம். கால் மரத்துப்போயும் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்று ஃபோனில் சொன்னார். அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

குட்டியாக இருந்தபோது மேப்பிளை வளர்த்தவர்கள் சிறைக் கைதிகள். வார நாட்களில் அவர்களோடு, சனி ஞாயிறில் கடை, தெரு, கூட்டம் பழக ஒரு தன்னார்வக் குடும்பத்தோடு. இதைக் கேட்டு அவர் அழுதுவிட்டார்.

இப்போது ராத்திரி கனவில் முனகல் தொடங்கினாலே மேப்பிள் எழுந்து மூக்கால் அவர் முழங்கையை நெம்புகிறாள். எழவில்லை என்றால் முன்காலைக் கட்டில்மேல் வைத்து மறுபடியும். கண் திறந்ததும் சுவரில் இருக்கிற ஸ்விட்சைத் தட்டி விளக்கைப் போடுவாள். அவர் இவள்மேல் இதுவரை கை ஓங்கியதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், வீட்டுக்குள் நாயா என்று முகம் சுளித்தவர், ஒரு ராத்திரி இதை நேரில் பார்த்தார். மறுநாளே "அவளுக்குச் சோறு வெச்சியாடி?" என்று என்னைக் கேட்டார்.

வெளியே இன்னும் சிரமம் உண்டு. நம்மவர் நடத்தும் ஓர் உணவகத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சட்டப்படி கடைக்காரர் கேட்கக்கூடியது இரண்டே கேள்வி: ஊனம் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது. அட்டை, சான்றிதழ் கேட்கக் கூடாது. கடை நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். நாய் வேலைச் சட்டை போட்டிருக்கும்போது, கேட்காமல் அதைத் தடவவும் செய்யாதீர்கள்.

காத்திருக்கும் காலம் நீளம்தான். குட்டி பிறந்து வேலைக்குத் தயாராகவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறதே. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் வேலையில் அடிபட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். மருத்துவர் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதற்கே இரண்டு மாதம் போனது.