நார்வீஜிய மொழி: கண்ணுக்கு எளிது, காதுக்கு அல்ல

வேலை நிமித்தம் நார்வேயின் மேற்குக் கரை நகரமான பெர்கனுக்குக் குடிவரவிருக்கும் நண்பர், தமிழும் ஆங்கிலமும் ஜெர்மனும் தெரிந்தவருக்கு நார்வீஜியம் எத்தனை மாத வேலை என்று கேட்டிருந்தார். சில ஆண்டுகளாக இதே ஊரில் இம்மொழியோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இலக்கணத்தில் குறை சொல்ல இடமே இல்லை. செய்பவர் யாராக இருந்தாலும் வினைச்சொல் மாறுவதில்லை. அது வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில் நிற்பது ஜெர்மன் படித்தவருக்குப் பழகியதே. வட ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவின் வணிகர்கள் பெர்கனில் பல நூற்றாண்டுகள் கடைவிரித்திருந்த காலத்தில் அவர்கள் பேசிய கீழ் ஜெர்மன் சொற்கள் ஏராளமாகக் கலந்துவிட்டதால், நாளிதழைச் சில மாதங்களிலேயே ஓரளவு படிக்க முடிந்தது.

எரிச்சல் காதில்தான் தொடங்குகிறது. எழுத்துக்கு பூக்மோல், நீநொர்ஸ்க் என இரண்டு வடிவங்களை 1885-இல் சமமாக ஏற்ற இந்நாட்டில், பேச்சுக்கென்று அரசு வகுத்த பொது வடிவம் ஒன்றுகூடக் கிடையாது. வகுப்பில் ஆஸ்லோ உச்சரிப்பில் ‘யை’ என்று கற்ற ‘நான்’, பெர்கன் தெருவில் ‘ஏக்’ ஆகிறது. ‘என்ன’ என்பதற்கான ‘வா’, ‘கா’ ஆகிறது. ரகரம் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. வட்டார வழக்கு தமிழருக்குப் புதிதா என்று கேட்கலாம். நாம் மேடையேறினால் பேச்சை மாற்றிக்கொள்வோம். இங்கே நாடாளுமன்ற உறுப்பினர்கூட ஊர்ப்பேச்சை விடுவதில்லை. அந்தத் தன்மானத்தை மனதார மதிக்கிறேன். ஆனால், புரியாமல் நான் ஒரு நொடி விழித்தால் போதும், தம் வழக்கை இம்மியளவும் தளர்த்தாதவர்கள் தாய்மொழியையே கைவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எதிர்பாராத மகிழ்ச்சி எண்களில் கிடைத்தது. இருபத்தைந்தை ‘ஐந்தும் இருபதும்’ என்று சொல்லும் பழைய முறையை, தொலைபேசி எண்களில் குழப்பம் நேர்கிறதென்று 1951-இல் அரசு மாற்றியது. மாடிவீட்டு மூதாட்டிக்கு அந்த ஆணை இன்னும் எட்டவில்லை போலும். தம் எட்டு இலக்க எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து, ‘ஏழும் நாற்பதும், மூன்றும் அறுபதும்’ என்றே ஒப்பிப்பார். ஜெர்மனிலும் எண்கள் இப்படித்தான் என்பதால், அந்தப் புண்ணியத்தில் நான் தடுமாறாமல் குறித்துக்கொண்டபோது, அவர் ஆங்கிலத்துக்கு மாறவேயில்லை.

இத்தனை புகழ்ந்த பிறகும், இது எளிய மொழி என்று எவர் சொன்னாலும் நம்பவேண்டாம் என்பதே நண்பருக்கு என் பதில். வகுப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன் நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.-யின் வானொலியில் மேற்குக் கரைச் செய்திகளை ஒரு வாரம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.