யாழ்ப்பாணத்து வெக்கையில் டர்போ எஞ்சினும் ஹெட் ஸ்டட்டும்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டாமல், தொழிற்சாலை கொடுத்தபடியே ஓடும் எஞ்சினுக்கு ஹெட் ஸ்டட் (போல்ட்டுக்குப் பதிலாக, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைப் புளொக்கோடு நட் போட்டு இறுக்கும் புரித் தண்டு) வாங்குவது வீண்செலவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ வாகனம் கைக்கு வந்ததும் ஏஆர்பி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்டட் பெட்டிக்குப் பணம் சேர்க்கும் தம்பிமார் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது மிட்சுபிஷி லான்சர் எவலூஷன். இரண்டு லீட்டர் 4ஜி63 டர்போ எஞ்சின். வார்ப்பிரும்பு புளொக், அலுமினிய ஹெட், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பத்துப் போல்ட்கள். பூஸ்டைக் கூட்டும்வரை அந்தப் போல்ட்களில் நான் ஒரு குறையும் காணவில்லை.

கூட்டிய பிறகு கதை மாறியது. கார்ப் பந்தயம் நடக்கும் கட்டுக்குருந்த ஓடுபாதையில் நன்றாக இழுத்துவிட்டு நிறுத்தினால் கூலன்ற் மேலதிகத் தாங்கியில் பொங்கி வழியும். மறுநாள் காலை எஞ்சின் முற்றாக ஆறிய பிறகும் ரேடியேற்றரின் மேல் குழாய் விறைத்தபடியே இருக்கும். ஓயிலில் தண்ணீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகையும் வரவில்லை. சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிகிறது என்பதற்கு அந்தக் குழாயே சாட்சி.

காரணம் எளிய கணக்குத்தான். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 85 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 57 சதுர செ.மீ. எரியும்போது உச்ச அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு எரிப்பிலும் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஐந்தரைத் தொன்னுக்கு மேல். பூஸ்ட் கூடக் கூட அதுவும் ஏறும். போல்ட்களின் பிடி அதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் ஹெட் மயிரிழை அளவு எழும்பும். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தால் வாயு வழி தேடிக்கொள்ளும்.

தொழிற்சாலைப் போல்ட்கள் மோசமானவை அல்ல. 78 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மீண்டும் 20க்கு இறுக்கி, பிறகு 90 பாகை, இன்னொரு 90 பாகை திருப்ப வேண்டும். அவை இழுபட்டு நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. தண்டின் நீளம் 99.4 மி.மீ.ஐத் தாண்டினால் கழித்துவிட வேண்டும். ஆனால் போல்ட்டைத் திருப்பும்போது அது இழுபடுவதோடு முறுக்கும் படுகிறது. ஸ்டட் புளொக்கில் அசையாமல் நிற்க, மேலே நுண்புரியில் நட் மட்டும் சுற்றுவதால் ஏறுவது பெரும்பாலும் இழுவிசைதான். அதனால் பிடி எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கிடைக்கிறது. புளொக்கின் புரியும் தேயாது.

எந்த உலோகம் என்பதில்தான் நான் நீண்ட நாள் யோசித்தேன். ஏஆர்பி நிறுவனத்தின் சாதாரண 8740 குரோம்-மொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு) ஸ்டட்டின் இழுவலிமை சதுர அங்குலத்துக்குச் சுமார் 200,000 இறாத்தல். ஏஆர்பி2000 வகைக்கு 220,000. எல்19 வகைக்கு 260,000. எண்ணைப் பார்த்து எல்19 வாங்கத் தூண்டும். யாழ்ப்பாணத்தில் அதை வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். அந்த உலோகம் ஈரத்துக்குப் பயந்தது. எண்ணெய்ப் பூச்சு விலகித் துருவின் சாயல் விழுந்தாலே எச்சரிக்கை இல்லாமல் முறியக்கூடியது. வெறுங்கையால் தொடுவதே ஆகாது. மூன்று பக்கமும் கடலும் களப்பும், திறந்த கராஜ், வியர்வை வழியும் கை: இந்தச் சூழலுக்கு அது பொருந்தாது. நான் ஏஆர்பி2000 எடுத்தேன். பூஸ்டை மிதமாகக் கூட்டுபவர்களுக்கு 8740 தாராளமாகப் போதும்.

பொருத்தும் வேலை சுன்னாகத்தில் நடந்தது. பெட்டியில் இருந்த ஸ்டட்டைவிட, புளொக்கின் துளைகளுக்கே மெக்கானிக் அண்ணா அதிக நேரம் செலவழித்தார். "தம்பி, துளையின் அடியில் கொஞ்சம் ஓயில் நின்றாலும் போதும், ஸ்டட் இறங்கும்போது அது போக இடமில்லாமல் புளொக்கையே வெடிக்க வைத்துவிடும்" என்று சொல்லி, ஒவ்வொரு துளையையும் காற்றடித்து, துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்தார். புரியைச் சுத்தம் செய்ய அதற்கென்று உள்ள கருவியைத்தான் விட்டார். புரி வெட்டும் டப்பைக் கிட்டக் கொண்டுவரவில்லை, அது நல்ல உலோகத்தையும் சீவிவிடும். ஸ்டட்களை விரலால் மட்டுமே இறுக்கினார்.

அடுத்தது உராய்வைக் குறைக்கும் மசகுப் பசை. நட்டில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. மிச்சம்தான் பிடியாக மாறுகிறது. பெட்டியோடு வரும் பசையைப் புரியிலும், நட்டின் அடியிலும், வாஷரின் மேற்புறத்திலும் பூசியபோது நட் வழுக்கிக்கொண்டு சீராக ஏறியது. அந்தப் பசைக்கென்று பெட்டித் தாளில் அச்சிட்ட அளவுக்கு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சம கட்டங்களில் இறுக்கினோம். தொழிற்சாலைப் போல்ட்டின் பாகைக் கணக்கை ஸ்டட்டுக்குப் போடவே கூடாது. பிடி மாறினால் சிலிண்டரின் வட்டமும் சற்று மாறும் என்பதால், புளொக்கின் சிலிண்டர்களைத் தீட்டும்போது, ஹெட்டுக்குப் பதிலாக அதே ஸ்டட்டில் கனத் தகடு பூட்டித் தீட்டச் சொல்லுங்கள்.

சில வருடங்களாக ஓடுகிறது. கொழும்புக்கு ஏ9 வீதியால் போய்வருவதும் ஓடுபாதையும் இரண்டும் உண்டு. தாங்கியில் கூலன்ற் கோடு அசையவில்லை. காலையில் குழாய் மெத்தென்று அமுங்குகிறது. ஆனால் இந்தப் புகழ் முழுவதையும் ஸ்டட்டுக்குக் கொடுக்க மாட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. கேத்தலில் படியும் அதே வெள்ளை ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் படிந்து சூட்டை ஏற்றும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ற்தான் ஊற்றுகிறேன். பெற்றோலும் 95 ஒக்டேன்தான். 92 ஊற்றிப் பூஸ்டைக் கூட்டி எஞ்சின் தட்டத் (பெற்றோல் நேரம் தவறி வெடிக்கும் ‘நொக்கிங்’) தொடங்கினால், அந்த அழுத்தத்தின் முன் எந்த ஸ்டட்டும் நெடுநாள் தாங்காது.

ஒரு சங்கடம் உண்டு. ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் ஸ்டட்களுக்கு மேலாக நேராகத் தூக்க வேண்டும்; எஞ்சின் வாகனத்துக்குள் இருக்கும்போது அதற்கு இடம் போதாமல் போகலாம். மேல் நுனியில் அலன் சாவிக்கான அறுகோணத் துளை உள்ள ஸ்டட்டா என்று வாங்கும்போதே பாருங்கள். இருந்தால் நட்டை எடுத்துவிட்டு ஸ்டட்டையும் மேலால் கழற்றி எடுத்துவிடலாம்.