அச்சு முறுக்குச் சோதனையில் தேறிய கிறிஸ்துமஸ் தட்டுகள்

கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகளை எடைபோட என்னிடம் ஒரு சோதனை உண்டு. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அடுப்படியில் அச்சு முறுக்கு சுடுவேன். அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடாக வேண்டும். எடுத்து மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். முழுதும் முங்கிவிட்டால் முறுக்கு அச்சை விட்டு இறங்காது. நூறு முறுக்கு ஆவதற்குள் இரண்டரை மணி நேரம் போய்விடும். கையெல்லாம் மாவு, அதனால் பாட்டை மாற்ற வழியில்லை. தட்டைத் திருப்பிப் போட மட்டும் தங்கை மகன் இருக்கிறான், பக்கத்துக்கு ஒரு முறுக்கு கூலி. எண்ணெய்ச் சத்தம், காற்றாடி, சன்னலுக்கு வெளியே டிசம்பர் மழை. இத்தனைக்கும் நடுவே கத்தாமல் காதுக்கு வந்து சேர்கிற தட்டு தேறியது. கத்துகிற தட்டு தோற்றது.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. சபைப் பாடகர் குழுவில் முப்பது வருடமாக ஆல்டோ, பெண்குரல்களில் தாழ்ந்தது. ஆல்டோவுக்குப் பாட்டின் முதன்மை ராகம் கிடைப்பதே அபூர்வம், அதனால் அடுத்தவர் பாடுவதைக் கேட்கிற பழக்கம் தானாக வந்துவிடும்.

சோதனையில் ஒவ்வொரு வருடமும் முதலிடம் ஜிம் ரீவ்ஸுக்குத்தான். 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்', ஆர்சிஏ விக்டர், 1963. அப்பா தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தத் தட்டு வீட்டில் இருக்கிறது. ஊரில் பெரியப்பா வீட்டிலும் இருந்தது, கொழும்பில் சித்தி வீட்டிலும் இருந்தது. ஒரு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் எப்படி எங்கள் குடும்பத்துக்கே சொந்தக்காரர் ஆனார் என்று கேட்டால், அப்பா சொன்ன காரணம் ஒன்றுதான்: "அந்த மனுஷன் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் புரியுது." எஸ் என்றால் எஸ், டி என்றால் டி. 'கிறிஸ்துமஸ்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் போகும் பாட்டு ஒன்று இரண்டாம் பக்கத்தில் வரும். பள்ளிக்கூடம் போகும் முன்பே நான் எழுத்துக் கூட்டப் பழகிய முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ரீவ்ஸும் தொண்டையைத் திறந்து உரக்கப் பாடியவர்தான். 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டுக்கு, உதடு மைக்கில் உரசுகிற அளவு நெருங்கி நின்று தாழ்ந்த குரலில் பாடினார். அது பெரிய வெற்றி. அப்புறம் அதுவே அவருடைய பாணியாகிவிட்டது. இந்தத் தட்டு முழுக்க அந்தப் பாணிதான். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் பின்னணி வாத்தியங்களை மெத்தை போலப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால்கூட அவர் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும்.

பன்னிரண்டும் மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். 'சென்யோர் சாண்டா கிளாஸ்' எனக்கு எந்த வயதிலும் ஒட்டவில்லை. போல்கா பாட்டு சிறுபிள்ளைகள் சோபாவில் குதிப்பதற்கு. இரண்டாம் பக்கத்தின் கடைசி நான்கு பாட்டுக்காகத்தான் தட்டையே வாங்க வேண்டும். நான்கும் தேவாலயத்துக்கு நெருக்கமானவை. முடிவில் வரும் 'சைலன்ட் நைட்' வந்ததும் அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்துவிடுவார். தட்டு வெளியான மறு வருடம், 1964 ஜூலை 31 அன்று, ரீவ்ஸ் தாமே ஓட்டிய சிறு விமானம் நாஷ்வில் அருகே இடிமழையில் சிக்கி விழுந்து இறந்துபோனார். வயது நாற்பதுதான். அப்பா இதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதுச் செய்தி போலச் சொல்வார்.

அதே பாட்டுகள் இப்போது கைப்பேசியில் சந்தாவுக்கே கிடைக்கின்றன, தாராளமாகக் கேளுங்கள். பழைய தட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நம் ஊர் ஈரத்தில் அட்டை உறைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், தட்டுக்கும் தாவும். நிற்க வைத்துத்தான் அடுக்க வேண்டும், அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட வேண்டும். இரண்டாவது, பெட்டி மாதிரி மூடித் தூக்கிப்போகும் மலிவு இசைத்தட்டுச் சுழல்கருவிகளை நம்ப வேண்டாம். ஒரு கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். ஊசியின் கனம் தாங்காமல் 'சில்வர் பெல்ஸ்' ஒரே இடத்தில் மணியடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. பிறகு கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்துக்குப் போய், ஒலிக்கருவிக் கடைகளில் நாலைந்து ஏறி இறங்கி, பழைய ஜப்பான் சுழல்கருவி ஒன்றை 280 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். இது உழைக்கிறது.

ரீவ்ஸ் தட்டில் உள்ள 'மேரிஸ் லிட்டில் பாய் சைல்ட்' பாட்டை மூன்று பேர் குரலில் கேட்டுப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது நன்றாகப் போகும். எழுதியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன், கறுப்பின அமெரிக்கப் பாடகர் குழு நடத்துநர். ஹாரி பெலஃபோன்டே 1956இல் பாடியது மெதுவானது, நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான், ரீவ்ஸ் மன்னிக்கட்டும். போனி எம் குழுவினர் 1978இல் அதோடு 'ஓ மை லார்ட்' என்ற புதுப் பாட்டை ஒட்டித் தாளம் போட்டுவிட்டார்கள். லிஸ் மிட்செல் குரல் அருமை. மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் பாடியவர் அல்ல, ஆண்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. அதனால் என்ன, 25ஆம் தேதி மதியம் பிரியாணி முடிந்து மாமாக்கள் இடுப்பை அசைக்க இதைவிட்டால் வேறு பாட்டு கிடையாது. அடுப்படியில் போட மாட்டேன். கால் தாளம் போடும், அச்சு கை தவறும்.

பிங் கிராஸ்பியின் 'வைட் கிறிஸ்துமஸ்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாங்கும்போது எந்தப் பதிவு என்று பாருங்கள். முதல் பதிவு 1942 மே 29. அச்சுக்கு ஆதாரமான மூலத்தட்டு பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்துபோனதால், 1947 மார்ச்சில் அதே மாதிரி மறுபடி பாடிப் பதிந்தார்கள். நாம் எங்கும் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். தொடக்கத்தில் புல்லாங்குழலும் சின்ன மணிபோல் ஒலிக்கும் செலஸ்டாவும் கேட்டால் அது 1947. எனக்கு முதல் பதிவுதான் பிடிக்கும், கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும்.

இந்தப் பாட்டில் சிங்கப்பூர்க்காரர்களுக்கென்று ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இர்விங் பெர்லின் எழுதியபோது இதற்கு ஒரு முன்பகுதி இருந்தது. பாடுகிறவர் பெவர்லி ஹில்ஸில் இருக்கிறார், வெயில் அடிக்கிறது, ஆரஞ்சு மரமும் பனைவகை மரமும் அசைகின்றன, தேதி டிசம்பர் 24, மனம் வடக்கே போக ஏங்குகிறது. வெயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு ஏங்குகிறவரின் பாட்டு! கிராஸ்பி அந்தப் பகுதியைப் பாடவில்லை, எனக்கு அது ஒரு குறைதான். தங்லின் மாலில் சோப்பு நுரையைப் பனியென்று பொழியவிட்டபோது, அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்ற பிள்ளைகளுக்குப் பொருத்தமான வரிகள் அவைதாம்.

நாட் கிங் கோலின் 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டையும் கொளுத்தும் கோடையில் எழுதினார்கள், 1945இல், பாப் வெல்ஸும் மெல் டார்மேயும். குளிரை நினைத்தால் உடம்பு கொஞ்சம் ஆறும் என்று வெல்ஸ் நாலு வரி குறித்து வைத்ததுதான் ஆரம்பம். கோல் இதை நான்கு முறை பதிந்திருக்கிறார்: 1946இல் இரண்டு, 1953இல் ஒன்று, 1961இல் ஸ்டீரியோவில் ஒன்று. 1961ஐ வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். தீயில் வாட்டும் கஷ்கொட்டை பற்றிய முதல் வரி வந்ததும் எனக்கு ஞாபகம் வருவது கணப்பு அடுப்பு அல்ல, கரிய மணலில் கொட்டையைப் புரட்டும் நம் ஊர்ச் சீனக் கடை. 31 டிகிரியிலும் அந்த வாசனை எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்வரை வரும்.

பாடகி மரையா கேரி, வாம்! குழு இரண்டையும் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வாம்! குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டு 1984இல் வந்தது, ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்கு போடத் தொடங்கியதும் அதே வருடம். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், அங்கேயே.

சோதனையில் தோற்றும் நான் கைவிடாத ஒன்று, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு. டிசம்பர் 24 அன்று ஒன்பது வேத வாசிப்பும் பாட்டுகளுமாக அவர்கள் நடத்தும் ஆராதனை 1918இல் தொடங்கியது, 1928இல் வானொலிக்கு வந்தது. அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் இங்கே இரவு பதினொன்று. காலை ஆராதனைக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பேன். முதலில் ஒரே ஒரு பையனின் குரல், துணை வாத்தியம் எதுவும் இல்லாமல். மேல்நாட்டு மெட்டுப் பாட்டுகளின் தமிழ்த் தொகுப்பான நம் பாமாலையில் 'ராஜன் தாவீதூரிலுள்ள' என்று பாடுவோமே, அந்தப் பாட்டு. யார் பாடப்போவது என்பதைக் கடைசி நொடியில்தான் நடத்துநர் கை காட்டுவாராம். எண்ணெய்ச் சத்தத்தில் அந்தக் குரல் காணாமல் போகும், இஸ்திரிப் பெட்டி பெருமூச்சுக்கு நடுவில் பிழைத்துக்கொள்ளும்.

பதிவாக வாங்குவதென்றால் டேவிட் வில்காக்ஸ் நடத்திய காலத்தது, 1957க்கும் 1974க்கும் இடைப்பட்டது. பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பச்சைப் புத்தகம் தெரிந்திருக்கும், 'கேரல்ஸ் ஃபார் குவயர்ஸ்', 1961. 'பக்தரே வாரும்' என்று நாம் தமிழில் பாடும் பாட்டின் ஆங்கில வடிவில் கடைசிச் சரணங்களுக்கு அவர் எழுதிய அமைப்பு அதில் இருக்கிறது. உச்சக்குரல் பெண்களான சோப்ரானோக்கள் மேலே தனியாகப் பறக்க, மற்ற எல்லோரும் ராகத்தைப் பாடலாம். வருடம் முழுக்க ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஆல்டோக்களுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. கடைசிச் சரணத்தில் 'வர்ட்' என்ற சொல் வருமிடத்தில் ஆர்கன் எதிர்பாராத ஒரு சுரக்கூட்டை இறக்கும். முதுகுத்தண்டு சில்லிடும். எங்கள் ஆர்கன்காரர் அந்த ஒரு இடத்துக்காகவே நவம்பர் முழுக்கப் பயிற்சி செய்வார்.

இனி என் மனக்குறை. தமிழில் இப்படி ஒரு பதிவு எனக்கு அகப்படவில்லை. இரண்டு வருடம் முன்பு தமிழ்க் கிறிஸ்துமஸ் பாட்டுக் குறுந்தட்டு ஒன்றைப் பத்து வெள்ளி கொடுத்து வாங்கினேன். 'சைலன்ட் நைட்' பாட்டின் தமிழ் வடிவமான 'ஒப்பில்லா திரு இரா' போட்டேன். முதல் ஒரு நிமிடம் கீபோர்டில் காற்று வீசியது. பிறகு வயலின் போன்ற ஏதோ ஒன்று, அதற்குமேல் டிரம்ஸ், அதற்குமேல் குகைக்குள் நின்று கூப்பிடுகிற மாதிரி எதிரொலி. பாடகர் நல்ல குரல்வளம் உள்ளவர், பாவம், அடிக்கொரு சங்கதி போட்டார். நான்கு முறுக்கு கருகிய பிறகுதான் முதல் சரணமே முடிந்தது.

சங்கதிக்கு நான் எதிரி அல்ல. 'பெத்தலையில் பிறந்தவரை' போன்ற கீர்த்தனைக்குச் சங்கதி வேண்டும், மிருதங்கம் வேண்டும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் வழி அது. பாமாலை வேறு. 'ஒப்பில்லா திரு இரா'வின் மூலப் பாட்டை 1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊர்த் தேவாலயத்தில், எழுதிய மோரும் மெட்டமைத்த குரூபரும் பாடியபோது துணைக்கு இருந்தது ஒரு கிடார் மட்டுமே. ஒரு கிடாரில் நின்ற பாட்டுக்கு எதற்கு இத்தனை முட்டு?

போன வருடம் வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனி போனபோது, தோ பாயோவில் ஒரு புளோக்கின் மின்தூக்கி வாசலில் நாங்கள் பதினோரு பேர் இதைப் பாடினோம். மணி பத்தரை தாண்டிவிட்டதால் அக்கம்பக்கத்துக்குப் பயந்து அடக்கித்தான் பாட வேண்டியிருந்தது. ஆண்குரலில் டெனர் பாடும் ஒருவர் கைப்பேசியில் பதிந்து எனக்கு அனுப்பினார். ஆல்டோ இரண்டாம் சரணத்தில் சுருதி இறங்குகிறது, நான்தான் காரணம். மூன்றாம் சரணத்தில் மின்தூக்கி திறந்து, யாரோ ஒரு சீன அங்கிள் மளிகைப் பையோடு "சாரி, சாரி" என்று நடுவில் புகுந்து போகிறார். அதையும் அடுப்படியில் போட்டுப் பார்த்தேன், தேறிவிட்டது.

ஆகவே யாராவது எடுத்துச் செய்யுங்கள். ஐந்து பாமாலை, ஐந்து கீர்த்தனை போதும். பாமாலைக்கு நான்கு குரலும் ஒரு ஆர்கனும், கீர்த்தனைக்கு வயலினும் மிருதங்கமும். எதிரொலிப் பொத்தான் பக்கம் கையே போகக்கூடாது, பாடுகிறவர் மைக்கைக் கிட்டத்தில் பிடிக்க வேண்டும். தட்டுக்கு ஐம்பது வெள்ளி என்றாலும் மூன்று வாங்குகிறேன், ஊருக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று. முன்பணமாகவே தருகிறேன், டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிட்டால் சரி.