மேடைக் கல்: கிரானைட்டா, மார்பிளா? கறையை அல்ல, அமிலத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. சமையல் மேடை கிரானைட். குளியலறையில் வாஷ்பேசினைச் சுற்றிப் போட்டிருப்பது வெள்ளை மார்பிள். ஆறு வருடமாக இரண்டையும் நானே துடைத்து வருகிறேன். மறுபடி கல் எடுக்கும் நிலை வந்தால் இரண்டு இடத்துக்கும் கிரானைட்தான் எடுப்பேன்.

அழகில் மார்பிள்தான் முந்தும், அதில் வாதம் இல்லை. உறுதியில் கிரானைட். மோஸ் அளவுகோலில் மார்பிளின் கடினம் 3, கிரானைட் 6 முதல் 7 வரை. அதனால் கத்தி மார்பிளில் கோடு போட்டுவிடும். கிரானைட்டில் கத்திதான் மழுங்கும். சூட்டை இரண்டுமே ஓரளவு தாங்கும், இருந்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்கு அடியில் ஒரு தாங்கி வைப்பது நல்லது. இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதது அமிலத்தைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலை வாஷ்பேசின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு வளையம். ஈரம் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. சோப்பு போட்டேன், அப்போதும் போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கல்லின் மேல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கல்லின் பளபளப்பே போயிருந்தது. விரலை ஓட்டினால் சுற்றிலும் கண்ணாடி போல வழவழப்பு, வளையத்தில் மட்டும் சாக்பீஸைத் தொட்டது போலச் சொரசொரப்பு.

பாலிஷ் போடுபவரை வரவழைத்தேன். “சீலர் அடிச்சுத்தானே இருக்கு?” என்று கேட்டதற்கு, “சீலர் எண்ணெய், தண்ணி உள்ள எறங்காம பாத்துக்கும் சார். ஆசிட்டைத் தடுக்காதுங்க. இது கறை இல்ல, கல்லே கரைஞ்சிருக்கு” என்றார்.

கல் வாங்குவதற்கு முன் இந்த வித்தியாசத்தைத்தான் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கறை என்றால் வெளிப்பொருள் கல்லின் நுண்துளைக்குள் இறங்கி இருட்டாகத் தெரிவது. அதை வெளியே இழுத்துவிடலாம். மங்கல் என்றால் கல்லின் மேற்பரப்பே கரைந்து வெளிறித் தெரிவது. அதில் வெளியே எடுக்க ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்து மெருகேற்றுவதுதான் வழி. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதுதான் மார்பிள். அடிப்படையில் அது கால்சியம் கார்பனேட். ஆசிட் பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. எலுமிச்சை, வினிகர், தக்காளிச் சாறு எது பட்டாலும் சில நிமிடங்களில் தடம் விழும். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். இவற்றைச் சமையலறை அமிலங்கள் ஒன்றும் செய்வதில்லை. பாதி எலுமிச்சை ஒன்று எங்கள் சமையல் மேடையில் வெட்டிய பக்கம் கீழாக ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறது. காலையில் துடைத்தேன், தடமே இல்லை.

குளியலறையில் சமையல் இல்லையே, அங்கே மார்பிள் போடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே வேறு சிக்கல். குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிகிறதே, அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். கல்லும் படிவும் ஒரே பொருள் என்பதால், படிவைக் கரைக்கும் எந்தத் திரவமும் மார்பிளையும் சேர்த்துக் கரைக்கும். வினிகர் தடவினால் உப்பு போகும், பளபளப்பும் கூடவே போகும். ஆகவே மார்பிளில் உப்பு படியவே விடக்கூடாது. ஒவ்வொரு முறை கை கழுவிய பிறகும் ஈரத்தைத் துடைத்தாக வேண்டும். வீட்டில் எல்லோரும் இதைச் செய்வார்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரானைட்டில் படிந்தால் ஒரு பிளேடைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுரண்டினால் போதும்.

அதற்காக கிரானைட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்றில்லை. எங்களுடையது வெளிர் நிறம். இரண்டாவது வருடம் அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் இறங்கி உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துவிட்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அரை விரல் தடிமனுக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டேன். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டு வழித்தேன். முதல் முறை பாதிதான் போனது. மூன்றாவது முறைதான் முழுதாக வெளுத்தது.

அதன் பிறகு அவ்வப்போது தண்ணீர்ச் சோதனை செய்கிறேன். ஒரு கரண்டித் தண்ணீரை மேடையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் துடைப்பேன். அந்த இடம் கருத்திருந்தால் சீலர் அடிக்கும் வேளை வந்துவிட்டது. கல் நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் முடிந்ததும் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மேலே படலம் போல நின்றுவிடும். தினசரி சுத்தத்துக்கு மிதமான பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், காய்ந்த துணி போதும். சோப்பு அதிகமானால் அதுவே மேடையை மங்கலாகக் காட்டும். ஒன்று மட்டும் முக்கியம்: சில துருநீக்கிகளில் இருக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கிரானைட்டையும் அரிக்கும். அதை மேடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மார்பிள்தான் வேண்டும் என்று மனது பிடிவாதமாக இருந்தால், பளபளப்பு இல்லாத மேட் மெருகைக் கேளுங்கள். அமிலத் தடம் அதிலும் விழும், ஆனால் கண்ணை அவ்வளவு உறுத்தாது. உறவினர் வீட்டில் அந்த வகையைச் சில நாள் துடைத்த அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். அந்த வீட்டில் யாரும் அதைக் குறை சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியாக, பெயரை நம்பி வாங்காதீர்கள். கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பல உண்மையில் காப்ரோ, டோலரைட் போன்ற வேறு பாறைகள். அவையும் பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும். குவார்ட்சைட் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸால் ஆன, சமையலறை அமிலம் தாங்கும் கல். வெள்ளை குவார்ட்சைட் என்று சொல்லி மார்பிளைக் கொடுத்துவிட்டால்தான் சங்கடம். வாங்கப்போகும் அதே பலகையிலிருந்து ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறும் மறுபக்கம் எண்ணெயும் சொட்டு விட்டு அரை மணி நேரம் வையுங்கள். கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் இருந்த இடம் கருத்திருந்தால் சீலர் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். எலுமிச்சை இருந்த இடம் மங்கியிருந்தால், பில்லில் என்ன பெயர் இருந்தாலும் அந்தக் கல் சமையல் மேடைக்கு வேண்டாம்.